ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் படம்



முதல் உள்ளவனே தொழில் தொடங்கலாம் என்பது உலக வழக்கு. அதிலும் திரைப்படம் எடுப்பதென்றால் கோடிகளைக் கொட்டக் கூடியவர்களுக்கே உரிய வேலை என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆகவேதான், மாதச் சம்பளத்தில் இருக்கும் மகன் ஒருநாள், "வாப்பா, நான் ஒரு படம் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னவுடன் வீட்டில் ஓர் அச்சம் பரவுகிறது. 'பார்க்கும் வேலையை விட்டுவிடுவானோ' என்று வாப்பா கலங்குகிறார். 'நகையைக் கேட்பானோ' என்று உம்மா கவலைப்படுகிறார். 'என் மனம் இவர்களுக்குப் புரியாது' என்று மகன் வாயை மூடிக்கொள்கிறான். மூவரும் தத்தம் அச்சத்தோடு உறங்கப் போகிறார்கள். பேச வேண்டியதை எவரும் பேசுவதில்லை.

படம் எடுப்பது தகுமா, தகாதா என்பதை அவரவர் இல்லம் முடிவு செய்துகொள்ளட்டும். இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வி. வேலையை விடாமல், வார விடுமுறை நாளை மட்டுமே கொண்டு, கைப்பணத்தில் ஒரு முழுநீளப் படத்தை முடிக்க இயலுமா? முடித்தவர்கள் உண்டு. கல்கத்தாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒருவர் என மூவரின் வரலாற்றை இங்கே பார்ப்போம். அவர்கள் பெற்ற புகழைப் பாடுவது நம் நோக்கமன்று. எவ்வாறு முடித்தார்கள், அதற்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பனவே நமக்கு வேண்டியவை.

மாடு மேய்ந்த மலர்கள்

சத்யஜித் ராய் 1943 முதல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி வந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படங்கள் வரையும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த வேலையே அக்கதையை அவர் மனத்தில் ஊன்றிவிட்டது. 1950-இல் நிறுவனம் அவரை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்தார். தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும், அலங்கார அரங்குகள் இல்லாமலும், உண்மையான தெருக்களிலேயே ஒரு பெரும் படத்தை உருவாக்க இயலும் என்பதற்கு அது அவருக்குச் சான்றாக அமைந்தது.

ஊர் திரும்பியவர் தயாரிப்பாளர்களின் கதவுகளைத் தட்டினார். எவரும் திறக்கவில்லை. தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் மீது பணம் பெற்று, 1952 அக்டோபர் 27 அன்று முதல் காட்சியை எடுத்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்கு முன் அவர் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. வெண்ணிற நாணற்பூக்கள் பூத்துக் கிடந்த வெளியில், அக்காளும் தம்பியும் இரயிலைக் காணச் செல்லும் காட்சி அது. ஒருநாளில் ஒரு பகுதியே முடிந்தது.

அடுத்த வார விடுமுறையில் மீதியை எடுக்கச் சென்றபோது அந்த வெளியில் பூக்களே இல்லை. இடையில் வந்த மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! பணம் இருந்தாலும் அந்த மலர்களை வாங்க முடியாது. அவை மீண்டும் பூக்கும் பருவம் வரையில் காத்திருந்தே ராய் அக்காட்சியை நிறைவு செய்தார்.

வாரத்துக்கு ஒருநாள் படம் எடுப்பதில் உள்ள இடர் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. திரையில் ஒரு நிமிடத்தில் நடந்து முடியும் செயலை எடுக்க, படமெடுப்பவருக்குப் பல வாரங்கள் ஆகின்றன. அதற்குள் பூ உதிரும், வெயில் சாயும், நடிப்பவரின் தலைமுடி வளரும், குழந்தை வளர்ந்துவிடும். ராயின் படம் பணமின்றி ஏறத்தாழ ஓராண்டு நின்றே போயிற்று. மூன்று அற்புதங்களால் தம் படம் பிழைத்தது என்று அவர் பின்னாளில் கூறினார். தம்பியாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை. அக்காளாக நடித்த சிறுமி பெரியவளாக வளர்ந்துவிடவில்லை. மூதாட்டியாக நடித்த, எண்பது வயதைத் தொட்டிருந்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை.

இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. 1955 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் படம் வெளியாயிற்று. 1956-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது.

காத்திருப்பதற்கு மாற்று உண்டா?

அற்புதத்தை நம்பித் திட்டமிட முடியாது. ஏழு நாள் இடைவெளியின் தொல்லையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதற்கேற்பக் கதையையே அமைத்துக்கொண்டால் என்ன? 1990-களில் லண்டனில் ஓர் இளைஞர் அதைத்தான் செய்தார்.

கிறிஸ்டோபர் நோலன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். அக்கல்லூரித் திரைப்படக் கழகத்தில் நண்பர்களோடு குறும்படங்கள் எடுத்துப் பழகினார். படிப்பு முடிந்தபின் நிறுவனங்களுக்கான காணொளிகளை எடுக்கும் பணியில் சம்பாதித்து வந்தார். ஒருமுறை அவர் குடியிருந்த வீட்டில் திருடர்கள் புகுந்தனர். 'முன்பின் அறியாத ஒருவன் என் பொருள்களைப் புரட்டிப் பார்க்கையில் என்ன நினைத்திருப்பான்?' என்னும் கேள்வியிலிருந்து ஒரு கதை பிறந்தது. வேலையற்ற இளம் எழுத்தாளன் ஒருவன் தெருவில் போகும் மனிதர்களைப் பின்தொடர்ந்து வேடிக்கை பார்க்கிறான். அவ்வாறு பின்தொடரப்பட்ட ஒருவன், அவனைத் தன் திருட்டுத் தொழிலுக்கு இழுத்துக்கொள்கிறான். 'ஃபாலோயிங்' என்னும் அந்தப் படம் 70 நிமிடத்துக்கும் குறைவானது.

இக்கதையில் மாளிகை இல்லை, கூட்டம் இல்லை, சண்டைக் காட்சிகளுக்கான ஏற்பாடுகளும் பெரிதாக இல்லை. வேண்டியவை தெருக்களும் சில வீடுகளுமே. தெருக்கள் ஊரில் இருக்கின்றன. வீடுகளோ நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் இருக்கின்றன. கதை எழுதி முடித்துவிட்டு இடத்தைத் தேடி அலைவோர் பலர். நோலனோ கையில் இருக்கும் இடத்துக்குள் பொருந்தும் கதையை எழுதினார்.

நடித்தவர்களும் உடன் உழைத்தவர்களும் வார நாள்களில் வேறு வேலைக்குச் செல்வோர். ஆகவே படப்பிடிப்பு சனிக்கிழமைகளில் மட்டுமே நடந்தது. பணி முடிய ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. 16 எம்.எம். கறுப்பு வெள்ளைச் சுருளில் படம்பிடித்தார்கள். அந்தச் சுருளின் விலையே செலவுகளிற் பெரியது. அதை நோலன் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். 400 அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடமே ஓடும். ஒரு காட்சியைப் பத்து முறை எடுத்துப் பார்க்கும் வசதி அவர்களுக்கு எங்கே இருந்தது? அதனால், மேடை நாடகத்துக்குப் பழகுவதைப் போல நடிகர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தனர். கேமரா ஓடத் தொடங்கினால் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இருமுறை, அதோடு சரி. விளக்குகளை வாடகைக்கு எடுக்காமல், சன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே பெரும்பாலும் பயன்படுத்தினர். கேமராவைக் கையில் ஏந்தி நோலனே படம்பிடித்தார். காவல் அதிகாரியாக நடித்தவர் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரும் தொழில்முறை நடிகருமான ஜான் நோலன். கல்லூரித் தோழியும் பின்னாளில் மனைவியுமான எம்மா தாமஸ் தயாரிப்புப் பணியில் துணை நின்றார்.

இப்படத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள். அத்தொகையை இளைஞர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எவருக்கும் கூலி கொடுக்காமல், படத்தை ஒருவாறு தொகுத்துப் பார்க்கும் நிலைவரை கொண்டுவந்ததற்கான செலவு அது. திரையரங்கில் ஓட்டத்தக்க பிரதியாக ஆக்குவதற்கு வெளியிலிருந்து உதவி பெற வேண்டியிருந்தது. 1998-இல் சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1999-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதைப் பெற்றது. அதே நோலன், 2023-இல் வெளிவந்த 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 2024 மார்ச்சில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்.

பெட்டிக்குள் கிடந்த படம்

படத்தை எடுத்து முடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோருக்கு மூன்றாமவரின் வரலாறு பாடமாகும்.

சார்லஸ் பர்னெட் அமெரிக்காவின் கறுப்பின இயக்குநர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கான படைப்பாக 'கில்லர் ஆஃப் ஷீப்' என்னும் படத்தை எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வாழும் ஏழைத் தொழிலாளி ஒருவனின் கதை அது. அவன் ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்பவன். நாளெல்லாம் உழைத்தும் உறக்கம் வாராமல் தவிக்கும் குடும்பத் தலைவன். 1972, 1973 ஆண்டுகளின் வார இறுதி நாள்களில் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களும் அவர்களுடைய குழந்தைகளும் நடித்தனர். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு அனைத்தும் பர்னெட்டே. செலவு 10,000 டாலருக்கும் குறைவு.

படம் 1970-களின் பிற்பகுதியில் முடிந்தது. கண்டவர்கள் பாராட்டினர். 1990-இல் அமெரிக்க நாட்டின் பாதுகாக்கப்பட வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் அரசே அதைச் சேர்த்தது. எனினும் திரையரங்குகளில் முறையாக வெளியிட முடியவில்லை. காரணம், படத்தில் ஒலித்த புகழ்பெற்ற பாடல்களுக்கு உரிமை பெறப்படவில்லை. மாணவப் படைப்புக்கு அது தடையாக இல்லை. மக்களுக்குக் கட்டணம் வாங்கிக் காட்டும்போதோ அது பெருந்தடையாயிற்று. கடைசியில் ஏறத்தாழ 1,50,000 டாலர் கொடுத்து உரிமைகளைப் பெற்று, 2007-இல் படம் வெளியானது. எடுத்த செலவைப் போலப் பதினைந்து மடங்கு பணமும் முப்பது ஆண்டுக் காலமும் அந்தப் பாடல்களுக்கே போயின.

நோலனின் படத்துக்கு இத்தொல்லை நேரவில்லை. அவருடைய நண்பர் டேவிட் ஜூலியன் அப்படத்துக்கென்றே புதிதாக இசை அமைத்துக் கொடுத்தார்.

விலையைக் கொடுத்தவர் யார்?

இனி, நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டிய பகுதிக்கு வருவோம்.

ராய் விளம்பர நிறுவன வேலையைப் படம் முடியும் வரையில் விடவில்லை. அந்த அளவில் குடும்பத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் காப்புறுதிப் பணம் தீர்ந்தபோது, தாம் அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். அதுவும் போதாமல் மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அரசு உதவியதால் படம் பிழைத்தது. அரசு கைவிட்டிருந்தால்? காப்புறுதியும் நகையும் போய், பாதிப் படம் பெட்டிக்குள் கிடந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் துன்பத்தை எவரும் நூலாக எழுதியிருக்க மாட்டார்கள்.

வென்றவர்களின் வரலாறு மட்டுமே நம் காதுக்கு வருகிறது. நகையை அடகு வைத்துத் தோற்றவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆதலால், 'ராய் வைக்கவில்லையா, நானும் வைக்கிறேன்' என்று சொல்லும் இளைஞன், தான் கேள்விப்படாத தோல்விகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோலனின் வழி இதிலிருந்து வேறுபட்டது. அவர் போட்டது மாதந்தோறும் சம்பளத்தில் மிஞ்சிய பணம். படம் தோற்றிருந்தால் ஓராண்டின் மிச்சமும் பல சனிக்கிழமைகளும் போயிருக்கும், வேறெதுவும் போயிராது. திங்கட்கிழமை காலையில் எல்லாரும் அவரவர் வேலைக்குச் சென்றிருப்பார்கள். வார இறுதிப் படத்தின் பெருஞ்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தோற்றாலும் குடும்பம் சாயாத அளவில் முயன்று பார்க்க அது இடம் தருகிறது. காலத்தை அதிகமாகக் கொடுத்துப் பொருளிழப்பைக் குறைத்துக்கொள்ளும் முறை அது. கடனும் நகையும் உள்ளே வந்துவிட்டால், அந்தச் சிறப்பு அன்றே போய்விடும்.

இன்னொரு விலையும் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலியின்றி வந்து நின்ற நண்பர்களின் ஓய்வு நாள்கள் அவை. அவர்களுக்கும் வீடு உண்டு, குழந்தைகள் உண்டு. நேரத்துக்கு உணவு, போக்குவரத்துச் செலவு, சொன்ன நேரத்தில் முடிக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றையுமாவது அவர்களுக்குக் கொடுப்பது கடமை. படம் பணம் ஈட்டினால் பங்கு என்ன என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பேசாமல் விட்ட பங்கு, படம் வென்ற அன்றே பகையாக மாறும்.

இன்றைய கணக்கு

இன்று படச்சுருள் வாங்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே கேமராவாக இருக்கிறது. ஆகவே செலவே இல்லை என்று தோன்றும். சுருளின் விலை போயிற்றே தவிர, ஏழு நாள் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 நிமிடப் படம். ஒருநாள் உழைப்பில் திரைக்கு உரிய இரண்டு நிமிடம் தேறுவதாகக் கொள்வோம். முப்பத்தைந்து விடுமுறை நாள்கள் வேண்டும். ஆண்டில் ஐம்பத்திரண்டு வாரங்கள் இருக்கின்றனவே என்று மகிழ வேண்டாம். நோன்பு மாதம், பெருநாள்கள், திருமணங்கள், மழை, ஒருவருக்குக் காய்ச்சல், மற்றொருவருக்கு அலுவலக வேலை என்று கழித்துவிட்டால், எஞ்சுவது அந்த முப்பத்தைந்துக்கே பற்றாமலும் போகலாம். எனவே, ஓராண்டு அதே தலைமுடி, அதே தாடி, அதே சட்டையோடு இருக்க ஒப்புக்கொள்வோர் எத்தனை பேரோ, அத்தனை பாத்திரங்களே கதையில் இருக்கட்டும். மூன்று, நான்கு பேருக்கு மேல் வேண்டா. ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பு முடிகையில், யார் என்ன உடுத்தியிருந்தார், எந்தக் கையில் எதைப் பிடித்திருந்தார், வெயில் எப்பக்கம் இருந்தது என்பதை எழுதியும் நிழற்படமாக எடுத்தும் வைத்துக்கொள்ள வேண்டும். பூக்களை நம்பிய காட்சியானால் அதை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒரு சொல். மங்கலான காட்சியைப் பொறுத்துக்கொண்டு பார்ப்பவர்கள்கூடப் பேச்சு காதில் விழவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். ஆகையால் கையிலுள்ள சிறு தொகையை நல்ல மைக் ஒன்றுக்கும், எடுத்ததை இரு இடங்களில் சேமித்து வைக்க இரண்டு ஹார்டு டிஸ்குகளுக்கும் முதலில் ஒதுக்குவது அறிவுடைமை. ஒரே இடத்தில் வைத்த ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோகும்.

நடித்தவர்களிடமும் வீடு தந்தவர்களிடமும் இசை தந்தவரிடமும் எழுத்து வழியாக ஒப்புதல் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். நம் நாட்டில் திரையரங்கில் மக்களுக்குக் காட்டுவதற்கு, 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை. அதற்குரிய கட்டணத்தையும் காலத்தையும் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோரே, மகன் படம் என்று வாயெடுத்தவுடன் சினந்து எழ வேண்டா. "மூன்று தாள்களைக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். கையில் இருக்கும் இடங்களுக்குள் அடங்கும் முழுக் கதை முதல் தாள். எந்த விடுமுறையில் எந்தக் காட்சி என்னும் நாள் அட்டவணை இரண்டாம் தாள். மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது, அதில் எவ்வளவு இதற்குப் போகிறது என்னும் கணக்கு மூன்றாம் தாள். இம்மூன்றையும் எழுத முடியாதவன் படத்தையும் முடிக்க மாட்டான். அவனுக்குத் தடை சொல்ல வேண்டிய தேவையே எழாது. எழுதிக் கொண்டு வந்தவனிடம் நீங்கள் அமர்ந்து பேசலாம்.

இளைஞர்களே, அந்த மூன்றாம் தாளை உங்கள் வாப்பாவிடம் மட்டுமின்றி உம்மாவிடமும் காட்டுங்கள். திருமணம் ஆனவரானால் மனைவியிடம் முதலில் காட்டுங்கள். ஓராண்டு முழுவதும் விடுமுறை நாளில் நீங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை. அந்த நாள்களில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்ளப் போகிறவர் அவர்தாம். அவர் மனமொப்பிச் சரி என்று சொன்ன பிறகு, முதல் சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.